லகாட் வரை போன கதை

சிறுகதைப் போட்டியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் என் சக நடுவர். எனக்குப் பிடித்த கதைக்கு மிகக் குறைந்த மதிப்பெண் போட்டிருந்தார். இடிக்கப்பட்ட தன் பழைய ரப்பர்த் தோட்டத்து வீட்டுக்கே பழக்கத்தில் பஸ் ஏறிவிடும் ஒரு பெண்ணின் கதை அது.

"கருத்தே இல்ல லா, பாதியிலயே வச்சிட்டேன்," என்றார்.

எரிச்சல் தாங்காமல், அவர் என்னைச் சிலிபினில் என் வீட்டில் விடக் காரோட்டியபோது அந்தக் கதையை உரக்க வாசித்தேன். பாதியில் நிமிர்ந்தால், சிலிபினுக்குத் திரும்பும் சந்தியைத் தாண்டி லகாட் ஊரே வந்திருந்தது.

"சிம்பாங்க விட்டுட்டேன்," என்று காரைத் திருப்பினார்.

"இப்பவாவது மார்க்க மாத்துங்க சார்."

"அதெல்லாம் முடியாது. கருத்து வேணும்." சிறிது தூரம் போனதும் கேட்டார், "அந்தப் பொண்ணு அப்புறம் வீடு வந்து சேந்துச்சா?"

கேட்பவர் வழியை மறந்தால், இப்போதெல்லாம் அதுதான் என் முழு மதிப்பெண். அந்தக் கதைக்குப் பரிசு கிடைக்கவில்லை. அதன் முடிவை நானும் அவருக்கு இன்றுவரை சொல்லவில்லை.