பிளாஸ்டிக் கிழியாத பின்சீட்டு

என் மனைவியின் ஊர் ஜொகூர். அடிக்கடி போய்வர டீசல் கார்தான் சிக்கனம் என்றேன் நான். டீசல் விலைதான் ஏறிவிட்டதே என்றாள் அவள். முடிவுக்கு வராமலேயே, ஈஜோக்கில் ஒருவர் விற்க வைத்திருந்த ஏழு சீட்டு வண்டியைப் பார்க்கப் போனோம்.

வண்டிக்காரர் மீசைக்குச் சாயம் பூசி, மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தார். பேசும்போதெல்லாம் கையிலிருந்த துணியால் வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், தூசி இல்லாத இடத்தைக்கூட. கடைசி வரிசை சீட்டில், புதிதாக வாங்கியபோது இருந்த பிளாஸ்டிக் உறை இன்னும் கிழிக்கப்படவில்லை.

"டீசல் காடி தூரம் ஓடணும் தம்பி. மார்க்கெட்டுக்கும் கிளினிக்கும் மட்டும் போனா பில்டர் அடைச்சுக்கும். அதுக்காகவே ஞாயித்துக்கிழமையில ராசா டவுன் வரைக்கும் ஓட்டிட்டு வரேன்."

"யார்கூட அங்கிள்?" என்றாள் மனைவி.

"காடிகூடத்தான் லா." அவர் சிரிக்கவில்லை. "பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க வந்தா ஒண்ணா போலாம்னு வாங்கினது. போன தீவாளிக்கு வந்தாங்க. ஏர்போர்ட்லயே வாடகைக் காடி எடுத்துட்டாங்க. சின்னதுங்களுக்கு டீசல் வாடை ஆவாதாம்."

ஆவாதாம்! முகம் தெரியாத அந்தப் பிள்ளைகள்மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேரம் பேச வாய் வரவில்லை. அவர் கேட்ட விலைக்கே சரி என்றேன், மனைவியும் மறுக்கவில்லை.

சாவியை நீட்டியவர் பாதியிலேயே கையை இழுத்துக்கொண்டார்.

"தீவாளி முடியட்டுமே தம்பி. வந்தாலும் வருவாங்க."

சொல்லிவிட்டுப் பின்கதவைத் திறந்து, அந்தப் பிளாஸ்டிக்கைத் துடைக்கத் தொடங்கினார். எந்தத் தீபாவளி என்று நான் கேட்கவில்லை.