சித்தி எதற்கு அழுதாள்?

என் சித்தப்பா கார்த்திகேசு எதையும் நம்பமாட்டார். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிரிக்பீல்ட்ஸ் பாசாரில் மீன்காரர், "இன்னைக்கு வந்தது அங்கிள், ஃப்ரெஷ் லா" என்றால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் பையை நீட்டமாட்டார். அவரோடு வெளியே போவதே இம்சை. கார் என்னிடம் இருந்ததால், அவரையும் சிவமலர் சித்தியையும் கச்சேரிக்குக் கூட்டிப் போவது என் தலையில் விழுந்தது.

பாட்டு என்றால் கணக்கு, அவ்வளவுதான் அவருக்கு. தொடையில் தட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். பாடகர் கொஞ்சம் பிசகினால் முன்வரிசை திரும்பிப் பார்க்கும்படி 'ச்சு' கொட்டுவார். யாராவது கண்ணைத் துடைத்துவிட்டால் போச்சு.

"தாளம் தெரியாதவங்கதான் அழுவாங்க. அழுதா பாட்டு புரிஞ்சிடுமா?"

அப்பேர்ப்பட்ட மனிதருக்குப் பக்கத்திலேயே சித்தி அழ ஆரம்பித்தாள். கிள்ளான் கோயில் மண்டபத்தில் கேட்டதற்கு, கண்ணில் தூசி என்றாள். அடுத்த மாதம் பங்சார் கச்சேரியிலும் அதே தூசி.

சித்தப்பாவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. விசாரணையில் இறங்கினார். அதே கீர்த்தனையை வீட்டில் போட்டுப் பார்த்தார். சித்தி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள், ஒரு சொட்டு வரவில்லை. தாளம் தப்பித் தப்பிப் பாடுகிற ஒருவரின் கச்சேரிக்குக் கூட்டிப் போனார். அங்கே கைக்குட்டை நனைந்தது. ஆக, காரணம் பாட்டு இல்லை, மண்டபத்தில் இருக்கிற யாரோ என்று முடிவு கட்டினார். எல்லாக் கச்சேரியிலும் வயலின் வாசிக்கிற வேலாயுதம் மாஸ்டர் மாட்டிக்கொண்டார்.

"ஜனகா, கவனிச்சியா? உன் சித்தி எப்பவும் என் வலது பக்கம்தான் உட்காருறா. வயலினும் அந்தப் பக்கம்தான்."

ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தால் வயலின் மறைந்துவிடுமா என்ன? எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் சந்தேகம் ஒட்டுவாரொட்டி. நானும் மாஸ்டரை முறைத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

அடுத்த கச்சேரியில் சித்தியை இடது பக்கம் உட்காரவைத்தார். அவள் அழவே இல்லை, கொட்டாவிதான் விட்டாள். சித்தப்பாவின் முகம் இருண்டுவிட்டது. காரில் ஏறியதும் கேட்டார்.

"மலர், அந்த வயலின்காரரை உனக்கு எப்படித் தெரியும்?"

சித்திக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"நீங்க தாளம் போடுறப்ப நடுவுல கையைத் திருப்பிப் போடுவீங்கல்ல? நாற்காலியெல்லாம் நெருக்கமா போட்டிருக்காங்க. அது என் கை மேலதான் விழுது. உங்களுக்கு அதுகூடத் தெரியல. வீட்டுல என்னைத் தொட்டு எத்தனை வருஷம் ஆச்சு? யார் பாடினா எனக்கென்ன, எப்படிப் பாடினா எனக்கென்ன?"

சிக்னல் பச்சைக்கு மாறியதைக்கூட நான் கவனிக்கவில்லை. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். சித்தப்பாமேல் எனக்கு அப்படி ஒரு கோபம். சித்தி பாவம் என்றிருந்தது.

அடுத்த மாதக் கச்சேரியில் அவரே தன் வலது பக்க நாற்காலியைத் துடைத்து, "இங்க உட்காரு" என்றார். நான் நம்பவில்லை. இதுவும் ஏதோ பரீட்சை என்றுதான் நினைத்தேன். பாட்டைக் கவனிக்காமல் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை தொடையில் தட்டியது. விரல்களை எண்ணியது. திரும்பிச் சித்தியின் கைமேல் விழுந்தது. விழுந்த கை எழும்பவில்லை. பாடகர் பல்லவி முடித்து அனுபல்லவிக்குப் போய்விட்டார்.

"தாளத்தை விட்டுட்டீங்க" என்றாள் சித்தி மெதுவாக.

"போகட்டும்" என்றார் சித்தப்பா.