வாடகை வீட்டுத் துவக்கு

சிட்னிக்கு வந்து சில வருடங்கள் ஆகியும் எனக்குப் பழகாமல் இருந்த ஒன்று, எங்கள் கூரைக்குள் குடியிருந்த பொசம். பூனையளவு உருவம், உருண்டைக் கண், மயிர் அடர்ந்த வால். பொழுதுபட்டதும் அது சீலிங்குக்கு மேலே நடக்கத் தொடங்கினால், சப்பாத்துப் போட்ட மனிதன் நடப்பதுபோலவே கேட்கும். ஊரில் ஓட்டின் மேல் மரநாய் ஓடினால் யாராவது ஒரு தடியை எடுத்துக்கொண்டு வெளியே போவார்கள், அதோடு அலுவல் முடிந்துவிடும். இங்கே நான் வீட்டு ஏஜென்டுக்கு ரெலிபோன் எடுத்து முறையிட்டேன். அங்கிருந்த பெண், பொசத்தை அடிக்கவோ தூரத்தில் கொண்டுபோய் விடவோ கூடாது, சட்டம் அதைப் பாதுகாக்கிறது என்று பொறுமையாக விளக்கினாள். கடைசியில், "அதற்கும் அது வீடுதானே" என்றாள். நான் ரெலிபோனை வைத்துவிட்டு இவரிடம், "அதுக்குப் பி.ஆர். கிடைச்சிட்டுதாம். எங்களுக்குத்தான் இன்னும் வரேல்லை" என்றேன். இவர் என்றால் என் கணவர். பெயர் சொல்லி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

பகிடியாகச் சொன்னாலும் அந்த நாட்களில் எங்கள் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது அந்தப் பி.ஆர்.தான். நிரந்தர வதிவிட விண்ணப்பம் குடிவரவுக் கந்தோரில் கிடந்தது. அது முடிவாகும்வரை ஆளில்லாத வீதியில்கூடப் பச்சை விளக்கு வந்த பிறகுதான் கடப்போம். பக்கத்து வீட்டுக்காரர் சத்தமாகப் பாட்டுப் போட்டாலும் நாங்கள் எங்கள் ரேடியோவைக் குறைப்போம். பொலிஸ் வாகனம் ஒன்று வென்ட்வேர்த்வில் ஸ்டேசன் பக்கம் நின்றால், ஒன்றும் செய்யாத நாங்கள் மற்றப் பக்கத்தால் சுற்றிப் போவோம்.

1996ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் ஒரு சனிக்கிழமை, பொசம் எந்த ஓட்டையால் வருகிறது என்று பார்க்க இவர் ஏணி வைத்துக் கூரைக்குள் ஏறினார். கொஞ்ச நேரம் டோர்ச் வெளிச்சம் அங்குமிங்கும் அலைந்தது. பிறகு ஓரிடத்தில் நின்றுவிட்டது. இறங்கி வந்து டோர்ச்சை அணைக்காமலே நின்றார்.

"மேலை ஒரு துவக்கு கிடக்கு" என்றார்.

எங்களுக்கு முன்பு அந்த வீட்டில் இருந்த யாரோ விட்டுவிட்டுப் போன துப்பாக்கி. சாதாரண நாளில் கண்டெடுத்திருந்தாலே நடுங்கியிருப்போம். அது சாதாரண வருடமாகவும் இல்லை. அந்த வருடம் தஸ்மேனியாவில், சுற்றுலாப் போனவர்கள் நிறைந்த ஓரிடத்தில் ஒருவன் துவக்கோடு இறங்கிப் பலரைச் சுட்டுக் கொன்றிருந்தான். அதன் பிறகு அரைத் தானியங்கித் துவக்குகளை மக்கள் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவரப் பேசினார்கள். பண்ணை வைத்திருந்த கமக்காரர்கள் ஊர்வலம் போனார்கள், வேட்டைக்காரர்கள் சத்தம் போட்டார்கள், அரசாங்கம் விட்டுக்கொடுக்கவில்லை. பொசத்தைத் தொடக்கூடாது என்று சட்டம் வைத்திருக்கும் நாடு, இதற்கு இவ்வளவு காலம் எடுத்ததுதான் எனக்கு ஆச்சரியம். தடைசெய்யப்படும் துவக்குகளின் படங்கள் பத்திரிகையில் வந்திருந்தன. எங்கள் கூரையில் கிடந்தது அவற்றில் ஒன்றைப் போலவே இருந்தது.

நான் அப்போது பரமட்டாவுக்கு அருகே ஓர் ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன். தேநீர் நேரத்தில் இந்தச் சட்டத்தைப் பற்றித்தான் கதை. "எதனால் சுட்டாலும் சாவு சாவுதானே, அதில் ஏன் ஒரு வகையை மட்டும் தடைசெய்ய வேண்டும்?" என்று ஒருவர் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் ஆங்கிலத்தில் எனக்குக் கோபம் எப்போதும் பிந்தித்தான் வரும். அவருக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அரைத் தானியங்கி என்றால் விசையை இழுக்க இழுக்க அடுத்த குண்டு தானாகவே வந்து நிற்கும். மற்ற வகைகளில் பலவற்றில் ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் இடையில் சுடுகிறவன் கையால் ஒரு வேலை செய்ய வேண்டும். அந்த இடைவெளி எவ்வளவு என்று எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான தெல்லிப்பழையில் ஒருநாள் நான் சந்தையிலிருந்து சைக்கிளில் வந்தபோது இருபக்கமும் மதில் உள்ள ஒழுங்கையின் முனையில் வெடி கேட்டது. ஒரு வெடி, பிறகு அமைதி. அந்த அமைதிக்குள் சைக்கிளைப் போட்டுவிட்டு மதிலேறிக் குதித்தேன். எனக்குப் பின்னால் வந்த சங்கீத ரீச்சரும் சேலையோடு குதித்தார். சில கிழமைகளுக்குப் பிறகு அதே ஒழுங்கையில் விடாமல் வெடித்தது. அன்றைக்கு மதிலை எட்டியவர்கள் யாரும் இல்லை. இந்தச் சட்டம் கேட்டது பெரிய விடயமல்ல. ஓடுகிறவர்களுக்கு ஒரு மதிலேறும் நேரம்.

சட்டம் வந்தது. அத்தகைய துவக்கு வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து ஒப்படைக்கலாம், எந்த நடவடிக்கையும் எடுக்க மாட்டோம், விலையும் தருவோம் என்று அறிவித்தார்கள். இந்த நாட்டில் பிறந்தவனுக்கு அது ஒரு நாள் அலுவல். எங்களுக்கு அப்படி இல்லை. துவக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நாங்களாகவே பொலிசாரிடம் நடந்து போவதா?

ஞாயிற்றுக்கிழமை ராசன் அண்ணை வந்தார். எங்களுக்கு முன்பே வந்து குடியுரிமை எடுத்தவர், எந்தக் கந்தோர் அலுவல் என்றாலும் அவரைத்தான் கேட்போம். குசினிக் கதவைச் சாத்திவிட்டுக் கதைத்தோம்.

"உள்ள இடத்திலை விட்டிட்டு வேறை வீடு பாருங்கோ" என்றார் அண்ணை.

"பிறகு வாற ஆக்கள்?" என்று நான் கேட்டேன்.

"அது அவையின்ரை பாடு, தங்கச்சி."

அடுத்ததாகப் பரமட்டா ஆற்றுக்குள் போடும் யோசனை வந்தது. அங்கே தண்ணீர் முழங்கால் மட்டும்தான் என்று இவர் சொன்னார். பிறகு அண்ணைக்கு ஒரு மூளை வேலை செய்தது. "ஒரு பழைய காப்பெற்றுக்குள்ளை சுத்தி, கவுன்சில் குப்பை எடுக்கிற அண்டைக்கு வாசல்லை வைச்சு விடுங்கோ. விடியிறதுக்குள்ளை ஆரோ கொண்டு போயிடுவினம்."

கவுன்சில் குப்பை என்றால், வெள்ளைக்காரர் வேண்டாத தளபாடங்களை வீதியோரம் வைக்கும் நாள். வந்த புதிதில் எங்களுக்கெல்லாம் அதுதான் கடை. ராசன் அண்ணை அப்போது இருந்த கதிரையே அப்படித் தூக்கி வந்ததுதான்.

"ஆரோ எண்டால் ஆர் அண்ணை? எங்கடை ஆக்கள்தானே தூக்குவினம்" என்றேன். அண்ணை சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார்.

"நான் இதைப் பொலிசிலை கொண்டுபோய்க் குடுக்கப் போறன்" என்றேன்.

இவர் எழும்பி நின்றுவிட்டார். "உமக்கென்ன விசரே? நாலு பற்றரிக்கு என்னை என்ன செய்தவங்கள் எண்டு உமக்குத் தெரியும். இது துவக்கு."

தெரியும். இவர் தன் தகப்பனின் ரேடியோவுக்காகக் கொழும்பில் வாங்கிய, யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகத் தடையிருந்த பற்றரிகளை உடுப்புக்குள் வைத்துக் கொண்டுவந்தபோது, வவுனியாவில் சோதனையில் பிடித்தார்கள். நாட்கணக்கில் வைத்திருந்து விட்டார்கள். இவருக்கு இடது காது இன்றைக்கும் சரியாகக் கேட்காது. அந்தக் காதுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பொலிசைப் பற்றித் தைரியமாகப் பேசுவது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"இவங்களும் அப்பிடித்தான் எண்டால் அதை இப்பவே தெரிஞ்சு கொள்ளுவம். இல்லாட்டிச் சாகுமட்டும் பயந்து பயந்துதான் இருக்க வேணும். பி.ஆர். தராட்டிப் போகட்டும்."

அடுத்த சனிக்கிழமை இவர் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். கைரேகை படக்கூடாதாம். இறக்கியதைக் கட்டில் விரிப்பில் சுற்றிக் கார் டிக்கியில் வைத்தோம்.

துவக்குகளை வாங்கும் இடம் பரமட்டாவுக்கு அண்மையில் ஒரு மண்டபத்தில் இருந்தது. போகும் வழியில் மகளை ராசன் அண்ணை வீட்டில் விட்டோம். ஒன்பது வயது. அவளுடைய பையில் இரண்டு சோடி உடுப்பும், பள்ளிக்கூட யூனிபோமும், பல் துலக்கும் பிரஷும் வைத்திருந்தேன். "அம்மா, யூ ஆர் ஒன்லி கோயிங் டு பரமட்டா" என்றாள். இரண்டு மணித்தியாலத்தில் வருகிறோம் என்று சொல்லிவிட்டு, அண்ணையின் மனைவியிடம் மெதுவாக, "திங்கட்கிழமை நீச்சல் வகுப்பு இருக்கு" என்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் தலையாட்டினார். அவரும் எங்கள் ஊர்ப் பக்கம்தான்.

மண்டப வாசலில் கண்ட காட்சியை ஊரில் இருந்து வாசிப்பவர்கள் நம்ப வேண்டும். துவக்கோடு ஒரு வரிசை. அரைக் காற்சட்டை போட்ட மனிதர்கள், தொப்பி வைத்த கிழவர்கள், ஒரு கர்ப்பிணிப் பெண். தோளிலும் பையிலும் துவக்கை வைத்துக்கொண்டு கிரிக்கெட் கதைத்துக்கொண்டு நின்றார்கள். யாரும் ஓடவில்லை. யாரும் யாரையும் நிலத்தில் படுக்கச் சொல்லவில்லை. என் கண்தான் எங்கே மதில் இருக்கிறது என்று தேடியது.

முன்னால் நின்றவர் பெரிய உடம்புக்காரர், சினத்தோடு நின்றார். பறவை சுடவும் நரி சுடவும் வைத்திருந்த துவக்கு, நல்லவர்களிடம்தான் பிடுங்குகிறார்கள் என்றார். நாங்கள் இலங்கை என்றதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அப்படியென்றால் உங்களுக்குத் தெரியும். அரசாங்கத்திடம் மட்டும் துவக்கு இருந்தால் என்ன நடக்கும் என்று இவர்களுக்குச் சொல்லுங்கள்."

"எங்கள் ஊரில் எல்லோரிடமும் இருந்தது" என்றேன்.

அவர் தலையை ஆட்டி, "அதுதான் நானும் சொல்கிறேன்" என்றார். நான் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. நான் விளங்கப்படுத்தவும் இல்லை, வரிசை நகர்ந்துவிட்டது.

மேசையில் மூக்குக் கண்ணாடி போட்ட வயதான பொலிஸ்காரர் இருந்தார். துவக்கைக் கையில் எடுத்துத் திறந்து பார்த்து, உள்ளே ஒன்றும் இல்லை என்றார். எங்கே கிடைத்தது என்று கேட்டார். வாடகை வீட்டுக் கூரைக்குள், பொசத்தைத் தேடப் போனபோது என்றேன்.

"பொசம் கிடைத்ததா?" என்று அவர் சிரித்தார்.

இவர் விறைத்து நின்று, "இல்லை சேர். அதை நாங்கள் ஒன்றும் செய்யவில்லை சேர்" என்றார். பொலிஸ்காரருக்குச் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. இதற்குப் பணம் உண்டு என்றார், எங்களுடையதல்ல, வேண்டாம் என்றோம். எங்களை இருக்கச் சொல்லவில்லை, வாசல் கதவைச் சாத்தவில்லை. முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று எனக்கு அழுகை வரப் பார்த்தது. அப்போதுதான் அவர், எல்லோரிடமும் கேட்பதுபோலக் கேட்டார்.

"வேறு ஏதும் இருக்கிறதா, லவ்?" இங்கே வயதானவர்கள் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

இவரின் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகின. இல்லை என்று சொல்லியிருக்கலாம். "இங்கே இல்லை" என்றுதான் வாயில் வந்தது.

அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "வேறு எங்கே?"

"யாழ்ப்பாணத்தில். எங்கள் வீட்டுக் கிணற்றுக்குள்."

அவர் அன்பாகவே, "அது எங்கள் எல்லைக்கு வெளியே, லவ்" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை.

நான் சொன்னது உண்மை. இந்தியப் படை இருந்த காலத்தில் ஒரு காலை, எங்கள் விறகுக் கொட்டிலில் அந்தத் துவக்கு கிடந்தது. இரவில் ஓடிய யாரோ விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். ஆமியிடம் கொடுத்தால் அப்பா திரும்பி வரமாட்டார். போராளி இயக்கங்களில் ஒன்றிடம் கொடுத்தால் மற்றது கேட்கும். கொடுப்பதற்கு ஒரு மேசை அந்த ஊரில் இருக்கவில்லை. அப்பா அதைச் சாக்கில் சுற்றிக் கிணற்றுக்குள் இறக்கினார். அன்றிலிருந்து குடிக்க நாங்கள் அயல்வீட்டுக் கிணற்றில் அள்ளினோம். ஏன் என்று கேட்டவர்களுக்கு, எங்கள் தண்ணீர் உவர்த்துவிட்டது என்று அம்மா சொன்னார். தொண்ணூறில் எல்லோருமாக ஊரை விட்டு வெளிக்கிட்டபோது எங்கள் இரகசியம் தண்ணீருக்கு அடியில் இருந்தது.

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. இங்கே எங்கள் மண்டபங்களில் ஊரில் இயக்கங்கள் தூக்கிய துவக்கைப் பற்றிப் பேசினால் கைதட்டுகிறவர்கள், இந்த நாட்டின் துவக்குச் சட்டத்துக்கும் அதே கையால் தட்டுகிறார்கள். ராசன் அண்ணையிடம் இதைக் கேட்டேன். "அது வேறை, இது வேறை, தங்கச்சி" என்றார். நாங்கள் பட்டதை மறந்து நான் பேசவில்லை. ஆனால் ஒழுங்கையில் ஓடியவள் நான். அந்த ஒழுங்கையில் வெடித்தது யாருடைய துவக்கு என்று மதிலுக்கு இந்தப் பக்கம் விழுந்து கிடந்தவளுக்குத் தெரியவில்லை. எனக்கு இரண்டும் ஒன்றுதான். என்னோடு பேசாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள், இருக்கட்டும்.

பி.ஆர். வந்தது, பிறகு குடியுரிமையும் வந்தது. இப்போது அங்கே சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்திருக்கிறது. போன மாதம் ஊருக்குப் போய் வந்த என் மச்சாள், முட்கம்பி வேலிக்கு வெளியே நின்று எங்கள் வீட்டைப் பார்த்ததாகச் சொன்னாள். அது உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருக்கிறது, உள்ளே விட மாட்டார்கள். வீட்டில் ஆமிக்காரர் இருக்கிறார்களாம். ஒருவன் சாரத்தோடு நின்று எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளிக் குடித்தானாம். நல்ல தண்ணீர்போல, இரண்டு தரம் அள்ளினானாம்.

என்றைக்காவது அந்த வேலிக்குள் போக விட்டால், முதல் வேலையாக அந்தக் கிணற்றை இறைப்பேன். சாக்கை மேலே எடுத்து, இந்தத் தரம் கையுறை போடாமல், பகலில், எல்லோரும் பார்க்கத் தூக்கிக்கொண்டு போய் ஒரு மேசையில் வைப்பேன். யாருடைய மேசையில் என்றுதான் இன்னும் தெரியவில்லை.