கசந்ததால் நாய்க்குப் போட்ட சாக்லேட்

என் தங்கை செவந்தி போராடி ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். புருஷன் செத்த முப்பதாம் நாள் வீட்டைக் காலி செய்யச் சொன்ன கொழுந்தன்மாரை எதிர்த்து, இரண்டரை சென்ட் மனைக்குத் தன் பெயரில் பட்டா வாங்கினாள். மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்ட விதவை உதவித்தொகையை நான்காம் மனுவில் பெற்றாள். மகள் ரஞ்சிதாவை நர்சிங் முடிக்க வைத்தாள். அத்தனை காகிதத்திலும் அவள் வைத்தது கைநாட்டுதான். எங்கள் வீட்டில் என்னை எட்டாவது வரை பள்ளிக்கு அனுப்பினார்கள். அவளை ஆட்டுக்குப் பின்னால் அனுப்பினார்கள்.

அறந்தாங்கியில் குணசேகரன் வீட்டில் ஆறு வருஷம் சமையல் வேலை பார்த்தாள். அவர் துபாயில் இருந்தார். மனைவி சுகுணாவும் மகள் அருணாவும் இங்கே இருந்தார்கள். பஞ்சு என்று ஒரு வெள்ளைப் பொமேரியன் நாய், ஆறு கிலோ எடை. அதைக் குளிப்பாட்டுவதும் ஊசி போடக் கொண்டுபோவதும் செவந்திதான்.

ஒரு தடவை கறிக்குழம்புச் சோற்றைத் தின்று பஞ்சுவுக்கு ஈறு வெளுத்துப்போனது. குழம்பில் கிடந்த வெங்காயம்தான் காரணம் என்றார் கால்நடை மருத்துவமனை டாக்டரம்மா. ஆகாத மற்றவற்றையும் சொல்லி அனுப்பினார். பூண்டு, திராட்சை, சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கம், நாம் போடும் காய்ச்சல் மாத்திரை, பாச்சை உருண்டை, கரப்பான் சாக்பீஸ். எழுதி வைத்துக்கொள்ளத் தெரியாதவள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தாள். அன்றைக்கே பீரோவின் அடித்தட்டில் கிடந்த பாச்சை உருண்டைகளை மேல்தட்டுக்கு ஏற்றினாள். கரப்பான் சாக்பீஸை அந்த வீட்டில் கோடு போடவே விடவில்லை.

போன வருஷம் மே மாதம் குணசேகரன் லீவில் வந்தார். பெட்டியைத் திறந்து சொந்தக்காரர்களுக்கு ஆளுக்கு ஒரு கை சாக்லேட் கொடுத்தார். அதில் கறுப்புச் சாக்லேட் இரண்டு கட்டி, ஒவ்வொன்றும் நூறு கிராம். கடித்துப் பார்த்த பிள்ளைகள் கசக்கிறது என்று துப்பிவிட்டார்கள். வெளிநாட்டுப் பொருளை வீணாக்க மனசில்லாமல் குணசேகரன் பஞ்சுவைக் கூப்பிட்டார். செவந்தி குறுக்கே வந்து, டாக்டரம்மா வேண்டாம் என்று சொன்னதைச் சொன்னாள்.

“ஊரே திங்கிது, இவன் மட்டும் என்ன பாவம் பண்ணுனான்?” என்றவர் வந்திருந்தவர்கள் பக்கம் திரும்பி, “நாய்க்கு டாக்டர் இருக்குறது தெரியும். எங்க வீட்ல டாக்டருக்கும் மேல ஒரு ஆளு இருக்கு பாருங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். செவந்தி கட்டிகளை வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு நாலு மணி பஸ்ஸில் ஊருக்கு வந்தாள்.

மறுநாள் காலை அவள் போனபோது பஞ்சு நிற்க முடியாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. சூடு பிடித்திருக்கும், மோர் கொடு என்றார் சுகுணா. செவந்தி சோபாவுக்கு அடியில் துடைப்பத்தை விட்டாள். சாக்லேட் சுற்றியிருந்த இரண்டு வெள்ளித் தாள்கள் வந்தன. அவற்றை முந்தானையில் முடிந்துகொண்டு, ஆட்டோவில் நாயைத் தூக்கிப்போனாள். டாக்டரம்மா ஊசி போட்டார். பத்து நாற்பதுக்கு வலிப்பு வந்து பஞ்சு செத்தது.

சேதி கேட்டுக் குணசேகரன் மகளோடு பைக்கில் வந்தார். யாருப்பா பஞ்சுவைக் கொன்னது என்று அருணா வழியெல்லாம் அழுதிருக்கிறாள். செவந்தி கரப்பான் சாக்பீஸ் போட்டிருப்பாள் என்று அவர் சொல்லிவிட்டார். டாக்டரம்மாவிடமும் அதையே சொன்னார். செவந்தி முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தாள்களை மேஜையில் வைத்தாள்.

குணசேகரன் அவளை வாசலுக்கு அழைத்துப்போனார். “புள்ள முன்னாடி என்னய அசிங்கப்படுத்தாத செவந்தி. தெரியாமப் பண்ணிட்டேன்னு சொல்லு, முடிஞ்சுபோச்சு. ஒனக்கு என்ன கொறஞ்சுபோகுது?”

“ஒங்க புள்ளைக்கும் நாந்தாண்ணே சோறாக்குறேன். எங்கையால வெசம்னு எழுதிட்டா, நாளைக்கி எந்த வீட்டு அடுப்படில என்னய விடுவாங்க?”

கொண்டுவந்தவர் சொல்வதைத்தான் எழுத முடியும் என்றார் டாக்டரம்மா. கறுப்புச் சாக்லேட் இருநூறு கிராம், வீட்டுக்காரர் கொடுத்தது என்று பதிவேட்டில் எழுதி வாசித்துக் காட்டினார். உதவியாளர் மை டப்பாவை நகர்த்தினார்.

“அது வேணாங்க. பேனா குடுங்க” என்றாள் செவந்தி.

பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த அவள் விரலை பேங்க் மிஷின் ஏற்கவில்லை. கையெழுத்துப் பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். மூன்று மாதமாகக் கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கம் எழுதிப் பழகியிருக்கிறாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை. பேங்கில் தப்பாகிவிடுமோ என்று பயந்து அதுவரை எங்கும் போட்டதில்லை.

அன்றோடு வேலை போயிற்று. ஆறு வருஷம் உழைத்ததற்கு அந்த வீட்டில் ஒரு நல்ல வார்த்தைகூடச் சொல்லவில்லை. சுகுணா தெருவில் இன்றும் சாக்பீஸ் கதையைத்தான் சொல்கிறார். அதை நம்பி இரண்டு வீட்டில் இவளை வேண்டாம் என்றார்கள். அருணா பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பதிவேட்டை யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்?

நான் போய்ப் பார்த்தேன். செ பெரிதாக, வ கோட்டுக்கு மேலே ஏறி, ந்-க்குப் புள்ளி மறந்து பிறகு அழுத்தி வைத்து, தி. அடித்தல் இல்லை. பக்கத்தில் தேதியையும் அவளே எழுதியிருக்கிறாள்: 17.5.2024.