அஞ்சலை கொண்டுவந்த முழு மீன்

அஞ்சலை போய்விட்டாள்.

காலையில் அவள் மகள்தான் போன் செய்தாள். "ஆன்ட்டி, அம்மா..." அழுதுகொண்டே சொன்னாள். நெஞ்சு வலியாம்.

எங்கள் பி.எட். பேட்ச்சில் மனையியல் எடுத்தது நாங்கள் இரண்டே பேர். நான் சிதம்பரத்தில் ரயில் ஏறுவேன், அவள் அடுத்த ஸ்டேஷன் கிள்ளையில். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஸ்கூலில் எங்களுக்கு டீச்சிங் பிராக்டிஸ்.

கடைசி பிராக்டிகல் எக்ஸாமில் எனக்கு வந்த பாடம், நல்ல மீன் பார்த்து வாங்குவது எப்படி. நானோ தெற்கு வீதியில் சுத்த சைவ வீட்டுப் பெண். இதில் ஃபெயிலானால் படிப்பு போதும், கல்யாணம்தான் என்று அப்பா முன்னாடியே சொல்லியிருந்தார்.

சார்ட் எல்லாம் பிரமாதமாகப் போட்டேன். கண் பளபளவென்று, செவுள் சிவப்பாக...

மார்க்கெட்டில் மீன் வாங்கியவள், எக்ஸாமினர் முன்னால் சுத்தமாக இருக்கட்டும் என்று அங்கேயே வெட்டிக் கழுவி வாங்கிக்கொண்டு போய்விட்டேன்.

டப்பாவைத் திறந்த அஞ்சலை தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏண்டி, தலையவே காணோம். கண்ணு, செவுளு எல்லாம் எங்கேருந்துடி காட்டுவ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அடுத்த பீரியட் அவளுக்கும் எக்ஸாம்.

எக்ஸாமினர் வந்து உட்கார்ந்து, நான் தட்டுத் தடுமாறிப் பேச ஆரம்பித்து... வாசலில் அஞ்சலை வந்து நின்றாள். "டீச்சர், இத எடுக்காம வந்துட்டீங்க" என்று ஒரு முழு சங்கரா மீனை நீட்டினாள். சேலையெல்லாம் மீன் தண்ணீர்.

வாழ்க்கையில் முதல் தடவையாக மீனைத் தொட்டேன். அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாள், செவுளுக்குக் காதைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். அதைப் பார்த்தே ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தேன்.

அடுத்து அவள். அதே சேலையோடு, குழந்தையைக் குளிப்பாட்டும் பாடம். பாதியில் பொம்மையின் கை கழன்று வந்துவிட்டது. அவள் அசரவே இல்லை. "பாத்தீங்களா, கையப் புடிச்சித் தூக்கினா இதான் ஆவும்."

எக்ஸாமினரே சிரித்துவிட்டார்.

சாயங்கால ரயிலில் யாரும் எங்கள் பக்கத்தில் உட்காரவில்லை. அவ்வளவு நாற்றம். காலை நீட்டிக்கொண்டு ராணி மாதிரி வந்தோம்.

இரண்டு பேரும் பாஸ். அவளுக்குத் திட்டக்குடியில் டீச்சர் வேலை, எனக்குக் கடலூரில். அவள் இல்லையென்றால் நான் டீச்சரே இல்லை... சொன்னால் "போடி, வேலயப் பாரு" என்பாள்.

இப்போது கிள்ளை பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் இல்லாத வீட்டுக்குப் போவது இதுதான் முதல் தடவை.

வரேன்டி அஞ்சலை.