தலையணை உறைக்குள் ஒரு டோக்கன்

பங்காருபேட்டை தாண்டி ரயில் வேகமெடுத்தபோதுதான் அந்த யோசனை வந்தது. எதிர் சீட்டுக்காரர் கையில் தாயத்து, பக்கத்துப் பெண்ணின் காலில் கறுப்புக் கயிறு. இரண்டு பேருமே எங்கள் சர்ச் சபைக்காரர்கள்! வாலிபர் கூட்டத்தில் இதைப் பேசியே ஆக வேண்டும், ஆளுக்கொரு தாயத்தோ கயிறோ கொண்டுவந்து ஒரு பெட்டியில் போடச் சொல்ல வேண்டும். பெங்களூர் வருவதற்குள் போனிலேயே பாதிப் பேச்சை எழுதிவிட்டேன்.

சாயங்காலம் வீடு திரும்பியதும் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"இன்னாடி, ஊரான் கயித்த அவுக்கப் போறியா? மொதல்ல உன் தலகாணி ஒறையில இருக்கிறத எடு."

அது அப்பாவின் டோக்கன். தங்கச் சுரங்கத்தில் இறங்கும்போது கையில் தரும் பித்தளை வில்லை. ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் திருப்பித் தர வேண்டும். தராதவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார் என்று அர்த்தம். சுரங்கம் மூடிய கடைசி நாளில் அப்பா அதைத் தராமல் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். சில வருஷங்களில் நோயில் போய்விட்டார். அப்போது எனக்கு ஆறு வயது. முகம் போட்டோவில் இருக்கிறது. குரல் எங்கேயும் இல்லை. டோக்கன் என்னிடம் இருக்கும்வரை பூமிக்கடியில் ஏதோ ஒரு லெவலில் அவர் இருப்பார், கனவிலாவது ஏறி வந்து என்னைக் கூப்பிடுவார் என்று எப்போதோ முடிவு செய்துகொண்டேன். ஒருமுறைகூட வரவில்லை.

"அது வேற, இது வேறம்மா. வேதத்துல கல்லத் தலைக்கு வெச்சுப் படுத்தவருக்குத்தான கனவுல வானத்துக்கு ஏணி தெரிஞ்சிது?"

"அவரு தலகாணி இல்லாம படுத்தாரு. கல்லு கனவ கூட்டினு வரும்னா படுத்தாரு?" அம்மா சிரித்தார். பிறகு கீரையைக் கீழே வைத்தார். "கனவு ஆண்டவர் குடுத்தா வரும். பித்தளைய வெச்சு மெரட்டியா வாங்குவ? உங்கப்பா கீழ இல்லடி. அவரு ஷிப்ட் முடிஞ்சிபோச்சி."

உயிர்த்தெழுதலைப் பற்றி நிறுத்தாமல் ஒரு மணி நேரம் பேசுவேன் நான். ஆனால் உறைக்குள் விட்ட கை வெளியே வர மறுத்தது. இதையும் எடுத்துவிட்டால் அவர் வர வழியே இல்லாமல் போய்விடுமோ? எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். முந்தானையில் துடைத்து, அப்பாவின் சட்டைகளோடு பீரோவில் வைத்தார்.

கூட்டத்துப் பேச்சு இப்போதைக்கு இருக்கட்டும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பான மைசூர் மைன்ஸ் போகிறேன். அப்பாவோடு ஒரே கேஜில் சுரங்கத்துக்குள் இறங்கிய மாமா ஒருவர் அங்கே இருக்கிறார். கூட வேலை செய்தவர்கள் எல்லாரையும் போலப் பேசிக் காட்டுவாராம். அப்பா என்னை எப்படிக் கூப்பிட்டார் என்று கேட்க வேண்டும்.