பம்பின் தலையில் ஊற்றிய தண்ணீர்

ஆண்டவர் ஒரு டீசல் பம்பின் வழியாக என்னை மடக்கிப் பிடித்தார். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், சபையாரே. நானும் அன்று அழுது முடித்துத்தான் சிரித்தேன்.

எங்கள் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஒருவராகக் குவைத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. குடிபாலாவிலிருந்து திருப்பதி மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்ற ஒரு பழைய டீசல் பிக்கப் வைத்திருந்தேன். எஞ்சினுக்கு டீசலைப் பீய்ச்சும் அதன் பம்பு ஆறு மாதமாக என் உயிரை வாங்கியது. காலையில் சாவியைத் தொட்டால் பாடும். சூடேறி ஒருமுறை நின்றுவிட்டால் ஊமை. “பம்புக்குள் சாத்தான் இருக்கிறான், ஜெபியுங்கள்” என்று ஞாயிறுதோறும் கேட்டேன். நீங்களும் உருகி ஜெபித்தீர்கள். ஒன்றை மட்டும் நான் உங்களிடம் சொல்லவில்லை.

ஒரு சித்திரை வெள்ளிக்கிழமை என் மனைவியின் தங்கை எஸ்தர், குவைத்தில் நர்ஸ் வேலைக்குப் புறப்பட்டாள். மாலை நான்கு மணிக்குத் திருப்பதியில் பம்பாய் ரயில். அதை விட்டால் விமானம் போகும், விமானத்தோடு வேலையும் போகும். மாமியாரும் கூட வந்தார். மகளுக்கு வெளியூர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று, வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு கேன் நிறைய மடியில் வைத்திருந்தார்.

சந்திரகிரிக்கு முன்னால் டீக்கு நிறுத்தினேன். டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருகினால் வண்டி முனகியது. அவ்வளவுதான். படிக்கட்டில் ஆள் தொங்க இரண்டு பஸ்கள் நிற்காமல் போயின. டீசல் குழாயில் காற்றுப் பிடித்திருக்கும் என்று நட்டைத் தளர்த்தி, கையால் டீசலை அடித்தேற்றி, முறுக்கி, மறுபடி தளர்த்தி அரைமணி நேரம் டீசலில் குளித்தேன். மணி மூன்று. எஸ்தர் பெட்டியின் மேல் உட்கார்ந்து வாய்விட்டு ஜெபித்தாள். “ஆண்டவரே, இந்த வண்டிய நம்பி வந்துட்டேன்...”

எதிரே மாங்காய் லோடோடு சித்தூர் போன லாரி நின்றது. டிரைவர் பாலசமுத்திரத்துக்காரர், நெற்றி நிறைய நாமம். பம்பைத் தொட்டுக் கையை உதறினார். விரலை மோந்து பார்த்தார்.

“ஏமிண்ணா, கிருஷ்ணாயில் கலந்துக்கினு ஓட்றியா?”

“சேச்சே. நாங்க சபைக்குப் போறவங்க.”

“சபைக்கு நீ போற. டேங்க்குக்குள்ள இன்னா போவுது? கலக்கலன்னா காத்துதான். லைன் மொத்தம் கயட்டணும், ஒரு மணி நேரம் ஆவும். கலந்தா விசயமே வேற. சொல்லு.”

எஸ்தர் கண்களை இறுக்கி மூடினாள். “ஆண்டவரே, பம்ப அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல எங்க மாமா வாயத் தொற.”

வெயில். மாங்காய் வாசனை. அதையும் தாண்டி என் கையில் வீசிய மண்ணெண்ணெய். ஒரு சபையையே முழங்காலில் நிறுத்திவிட்டு, நான் டீசல் காசை மிச்சம் பிடிக்க ரேஷன் கேனோடு டேங்க் பக்கம் நின்றிருக்கிறேன்.

“கலந்தேன்” என்றேன். “பாதிக்குப் பாதி.”

“அடப்பாவி மாப்ள!” என்றார் மாமியார்.

டிரைவர் முகம் மலர்ந்துவிட்டது. “அப்போ காத்தே இல்ல! கிருஷ்ணாயில்ல வயவயப்பு இல்ல, பம்பு தேஞ்சிக்கினு கீது. சூட்டுல பிரஷர் நிக்கல. தண்ணி ஊத்து, ஆறட்டும்.”

மகளின் தண்ணீர் ஆயிற்றே. மாமியார் உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து மூன்று முறை தெளித்தார். எங்கள் மிஷன் சபையில் ஞானஸ்நானமே அப்படித்தான்.

“தெளிச்சா ஆவாது ஆயா, முழுக்கணும்!”

ஞானஸ்நானம் தெளிப்பா முழுக்கா என்று சபைகள் கூடிக் கூடியும் தீராத வழக்கை நாமக்காரர் ஒரு நொடியில் தீர்த்துக் கேனைக் கவிழ்த்தார். ஆவி பறந்தது. சற்றுப் பொறுத்துச் சாவியைத் திருகினேன். இருமல். கரும்புகை. பிறகு, என் எலும்பெல்லாம் குலுங்க அந்தத் தடதடப்பு!

“திருப்பதி வரிக்கும் ஆஃப் பண்ணாத” என்று சொல்லி அவர் லாரி ஏறிவிட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை.

ஸ்டேஷன் வாசலிலும் எஞ்சினை நிறுத்தவில்லை. மாமியார் ஓடிப்போய் எஸ்தரை ஏற்றிவிட்டு வந்தார். நான் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

சித்தூரில் பம்பைப் பிரித்துத் தேய்ந்ததையெல்லாம் மாற்றினேன். அன்றிலிருந்து டேங்க்கில் டீசல் மட்டுமே. வழியில் நின்றதே இல்லை, ஸ்தோத்திரம். குவைத்திலிருந்து எஸ்தர் எழுதிய முதல் கடிதத்தின் முதல் வரி: “மாமா, பம்பு சுகமா?” மாமியார் மட்டும், தான் தெளித்ததில்தான் வண்டி கிளம்பியது, அந்த ஆள் அவசரப்பட்டுவிட்டான் என்று இன்றும் சாதிக்கிறார்.

ஆகவே நம்பிக் கேளுங்கள், கொடுப்பார். டேங்க்கில் என்ன ஊற்றினாய் என்று அவர் திருப்பிக் கேட்டால் மட்டும் உடனே சொல்லிவிடுங்கள். எனக்கு அதற்கு ஆறு மாதமும் ஒரு மாங்காய் லாரியும் தேவைப்பட்டன.